கடலோர மொட்டை மாடியில் தொட்டி மரங்களை நகர்த்தும் வண்டி: வாங்குவதா, செய்துகொள்வதா?

பெரியபட்டினம் டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மொட்டை மாடியில் எலுமிச்சை, மாதுளை, ஒட்டுச் சப்போட்டா, கறிவேப்பிலை எனப் பதினொரு மரங்களைச் சிமெண்ட் தொட்டிகளில் வளர்த்து வருகிறேன். ஆனி பிறந்து கச்சான் எனும் மேல்காற்று வீசத் தொடங்கினால், மேற்குக் கைப்பிடிச் சுவரோரம் நிற்கும் மரங்களின் இலை நுனிகள் உப்புக் காற்றில் ஒரே வாரத்தில் கருகிவிடுகின்றன. ஐப்பசிக்குப் பிறகு வாடை திரும்பியதும் அதே தொல்லை வடகிழக்கு மூலைக்கு வந்துவிடுகிறது. ஆகவே ஆண்டுக்கு இரண்டு முறையாவது தொட்டிகளைப் படிக்கட்டு அறையின் மறைவுக்கு நகர்த்தியே ஆக வேண்டும்.

சென்ற ஆண்டு இணையக் கடை ஒன்றில், சக்கரம் வைத்த வட்டத் தாங்கிகள் நான்கு வாங்கினேன். 150 கிலோ தாங்கும் என்று அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். ஆறாவது மாதம் ஒன்றை நகர்த்த முயன்றபோது ஒரு சக்கரம் துருவில் இறுகிப்போய்ச் சுழலவில்லை. இன்னொன்றைப் பிடித்திருக்கும் கவை வளைந்து, தொட்டி சாய்ந்து, ஐந்து வயது மாதுளையின் தண்டு ஒட்டுக்கு மேலே முறிந்துவிட்டது. என் கணவருக்கு முதுகுத் தண்டில் தொந்தரவு இருப்பதால் அவரைக் குனியச் சொல்ல இயலாது. தம்பி மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவான். தொட்டியின் உள்விட்டம் 50 செ.மீ., ஆழம் 45 செ.மீ., சுவர் 4 செ.மீ. தடிமன். இன்னும் விலை கூடிய தாங்கி வாங்கலாமா, பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளலாமா என்று அனுபவப்பட்டவர்கள் கூற வேண்டுகிறேன்.

கட்டடக்காரன், இராமநாதபுரம்

டீச்சரம்மா, வண்டியைப் பேசுவதற்கு முன் எடையைப் பேசிவிடுவோம், ஏனெனில் பெரும்பாலோர் தங்கள் தொட்டியின் எடையைப் பாதியாகவே மதிப்பிடுகிறார்கள். நீங்கள் சொன்ன அளவுக்குத் தொட்டியின் கொள்ளளவு ஏறக்குறைய 88 லிட்டர் வருகிறது. நனைந்த செம்மண் கலவை லிட்டருக்கு 1.7 கிலோ என்று வைத்துக்கொண்டால், மண் மட்டும் 150 கிலோ. சுவருக்கும் அடித்தளத்துக்கும் செலவான சிமெண்ட் கலவை 43 லிட்டருக்குச் சற்று மேல், லிட்டருக்கு 2.3 கிலோ என்றால் வெறும் தொட்டியே 100 கிலோ. மரத்துக்குப் பத்து கிலோ சேர்த்தால் மொத்தம் 260 கிலோ. 150 கிலோ தாங்கி அதன் கீழ் ஆறு மாதம் நின்றதே பெரிது.

நான்கு சக்கரம் என்றால் எடையை நான்கால் வகுக்கக் கூடாது, மூன்றால் வகுக்க வேண்டும். மாடித் தளம் மழைநீர் வடிவதற்காகச் சாய்வாகவே போடப்படுகிறது. தளத்தில் பதித்த தட்டோட்டின் (தட்டை ஓட்டின்) இணைப்பில் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும் நொடியில் மற்ற மூன்றுமே சுமையை ஏற்கின்றன. அப்படியானால் ஒரு சக்கரம் 87 கிலோ தாங்க வேண்டும். 100 கிலோவுக்குக் குறைந்த சக்கரத்தை வாங்கவே வேண்டாம். மூன்று சக்கரம் போட்டால் எந்தத் தளத்திலும் ஆடாதே என்று சிலர் கேட்பார்கள். ஆடாது என்பது உண்மை, ஆனால் எளிதில் கவிழும். சக்கரங்கள் நிற்கும் வட்டத்தின் ஆரம் 25 செ.மீ. என்றால், மூன்று சக்கர வண்டியில் நடுவிலிருந்து கவிழும் விளிம்பு வரை பன்னிரண்டரை செ.மீ.தான், நான்கில் அது பதினேழரை, ஐந்தில் இருபது. அலுவலக நாற்காலிக்கு ஐந்து கால் வைப்பதன் காரணமும் இதுவே. மேலே ஆறடி மரம் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும்போது இந்த ஐந்து செ.மீ. பெரிய வேறுபாடு.

பாம்பன் பட்டறை

கணக்கு சரி. ஆனால் உங்கள் தாங்கி சுமையால் மட்டும் கெட்டதாக எனக்குத் தோன்றவில்லை. நான் இருபது ஆண்டுகளாக மீன் கம்பெனிகளுக்கு ஐஸ் பெட்டி வண்டிகளும் படகுக்கான இரும்பு வேலைகளும் செய்து தருகிறேன். எங்கள் பக்கத்துக் காற்று இரும்பை என்ன செய்யும் என்பதற்குச் சான்று வேண்டுமானால், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அரிப்புச் சோதனை நிலையத்தை மண்டபத்தில் வைத்திருப்பதைச் சொல்லலாம். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் தனிப் பூச்சும் பயன்படுத்தியதும் இதற்காகத்தான். கடையில் பளபளவென்று மின்னும் சக்கரத்தின் கவையில் இருப்பது மிக மெல்லிய துத்தநாக முலாம். நம் ஊரில் அது ஒரு மழைக்காலத்துக்கே காணாது.

அதைவிட முக்கியம், தொட்டியிலிருந்து வடியும் நீர். நம்மில் பலர் ஊற்றுவது உவர்ப்பு ஏறிய ஆழ்குழாய்த் தண்ணீர். அது உரத்தையும் கரைத்துக்கொண்டு நேரே சக்கரத்தின் சுழல் பேரிங் மீது சொட்டுகிறது. பகலில் காய்கிறது, உப்பு தங்குகிறது, மறுநாள் மீண்டும் நனைகிறது. ஓடிக்கொண்டிருக்கும் சக்கரமாவது கிரீஸைப் பரப்பிக்கொள்ளும். ஆறு மாதம் ஒரே இடத்தில் சுமையோடு நிற்கும் சக்கரத்துக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

துருப்பிடிக்காத எஃகு வாங்கினால் போதும் என்று நினைத்தாலும் கவனம் தேவை. 304 வகையில் கடற்காற்று பட்ட இடத்தில் பழுப்புப் புள்ளிகள் விழும். மாலிப்டினம் சேர்ந்த 316 தாங்கும், ஆனால் 44 சக்கரங்களை அந்த வகையில் வாங்கும் விலைக்கு ஒரு பழைய மொபெட் வாங்கிவிடலாம்.

கீழக்கரை மாடித்தோட்டம்

பட்டறைக்காரர் 44 என்று எழுதியதுதான் இந்த விவாதத்தின் முடிச்சு. தொட்டி ஒவ்வொன்றின் கீழும் நிரந்தரமாகச் சக்கரம் வைப்பது நம் கடற்கரைக்குப் பொருந்தாத யோசனை என்பது என் முடிவு. ஆண்டுக்கு நான்கு நாள் உருள்வதற்காக 361 நாள் உப்பில் நிற்க வைக்கிறோம். நானும் ஆறு தொட்டிகளுக்கு அப்படிச் செய்து, மூன்று ஆண்டுகளில் எல்லாவற்றையும் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டேன். கூடவே இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: பிரேக் துருவேறிப் பிடிக்காமல் போன பிறகு, புயல் இரவில் தொட்டி தானாக உருண்டு கைப்பிடிச் சுவரில் மோதியது.

தொட்டிகள் செங்கல் மீது நிற்கட்டும். சக்கரம் ஒரே ஒரு வண்டிக்கு இருக்கட்டும். வேலை முடிந்ததும் அந்த வண்டியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, வீட்டுக்குள் படிக்கட்டின் அடியில் வைத்துவிடலாம். ஒரு வண்டியைப் பேண யாராலும் முடியும், பதினொன்றைப் பேண முடியாது.

பெரியபட்டினம் டீச்சர்

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொல்வது மனத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் 260 கிலோவை அந்த ஒற்றை வண்டியில் ஏற்றுவது யார்? ஏற்ற முடியாத காரணத்தால்தானே நிரந்தரச் சக்கரம் வாங்கினேன்? மேலும் எங்கள் மாடியின் இரு பகுதிகளுக்கும் இடையே 15 செ.மீ. உயர வேறுபாடு உண்டு. பழைய பகுதியில் தட்டோடு, புதிய பகுதியில் வெறும் சிமெண்ட் தளம்.

ஓடாவி மகன், தொண்டி

அக்கா, தூக்க வேண்டும் என்று நினைப்பதால்தான் மலைப்பாக இருக்கிறது. என் தகப்பனார் வள்ளம் கட்டுகிறவர். கரையில் கட்டிய வள்ளத்தைத் தண்ணீருக்குக் கொண்டுபோகும்போது ஒருவரும் அதைத் தூக்குவதில்லை. ஒரு முனையை நெம்பி, அடியில் உருட்டுக் கட்டை கொடுத்து, முன்னே பலகை விரித்துத் தள்ளுவார்கள். பின்னால் விடுபடும் கட்டையை ஒரு பையன் முன்னால் கொண்டுவந்து போடுவான். மணலில் சக்கரம் புதைந்துவிடும், பலகையும் கட்டையும் புதையாது.

உங்கள் தொட்டியின் ஒரு விளிம்பை உயர்த்தப் பாதி எடை, அதாவது 130 கிலோ விசை போதும். ஐந்தடிக் கடப்பாரையின் நுனியிலிருந்து பத்து செ.மீ. தள்ளி ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தால், பிடிக்கும் பக்கம் 140 செ.மீ. மிஞ்சும், பத்து கிலோ அளவுக்கு அழுத்தினாலே விளிம்பு எழும்பும். தம்பி மகன் அழுத்தட்டும், நீங்கள் செங்கலைத் தள்ளி வையுங்கள். கையை அடியில் விடாமல் ஒரு குச்சியால் தள்ளுங்கள். எங்கள் தகப்பனாருக்கு இடது கை நடுவிரலில் ஒரு கணு இல்லை.

பலகைக்குப் புது மரம் வேண்டாம். ஓட்டு வீடு பிரித்த இடத்தில் வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் கிடைத்தால் வாங்கி வையுங்கள். கறுத்த வெளிப்புற வைரம் உப்புக்கும் தண்ணீருக்கும் அசையாது. உள்ளே சோறுபோல் மெத்தென்று இருக்கும் வெளிறிய பகுதி உதவாது, அதைச் செதுக்கி எறிய வேண்டும்.

பாம்பன் பட்டறை

ஓடாவி வீட்டுப் பிள்ளை நெம்புகோலைச் சொன்னதால் என் வேலை எளிதாயிற்று. டீச்சரம்மாவுக்கு நான் செய்யச் சொல்வது, அரிசி மண்டியில் மூட்டை தள்ளும் இரண்டு சக்கர டிராலியின் வடிவத்தை. ஆனால் மூன்று மாற்றங்கள் வேண்டும்.

முதலாவது, அடித்தகடு. 8 மி.மீ. தகட்டில் 35 செ.மீ. அகலம், 30 செ.மீ. நீளம், முன் விளிம்பைக் கிரைண்டரில் உளிபோலச் சரித்துவிட வேண்டும். தொட்டிகள் இரண்டு வரிசைச் செங்கல் மீது நின்றால், இடைவெளியில் இந்தத் தகடு நேராக நுழைந்துவிடும். செங்கல்களுக்கு இடையே குறைந்தது 40 செ.மீ. விடுங்கள்.

இரண்டாவது, முதுகு. மூட்டைக்குத் தட்டையான முதுகு போதும். உருண்டைத் தொட்டி அதில் பக்கவாட்டில் வழுக்கும். தொட்டியின் வளைவுக்கு ஏற்பப் பட்டை இரும்பை இரண்டு இடத்தில் வளைத்துப் பற்றவைத்து, அதன் மேல் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொள்ளுங்கள். லாரியில் சரக்குக் கட்டும் ராட்செட் பெல்ட் ஒன்று தொட்டியின் இடுப்பைச் சுற்றி வர வேண்டும். மரத்தண்டில் பெல்ட் போடக் கூடாது.

மூன்றாவது, பின்கால். சாதாரண டிராலியில் சாய்த்த பிறகு சுமையின் ஒரு பகுதி தள்ளுகிறவரின் கையில் நிற்கும். 260 கிலோவுக்கு அது ஆபத்து. சாய்த்த நிலையிலேயே தாங்கும்படி பின்னால் இரண்டு சிறு சுழல் சக்கரங்களைக் காலில் பொருத்திவிட்டால், கை தள்ளுவதற்கு மட்டுமே.

இப்போது சாய்க்கும் கணக்கைப் பாருங்கள். தொட்டியின் நடுவிலிருந்து அச்சு வரை 30 செ.மீ., கைப்பிடி 120 செ.மீ. உயரம் என்றால், சாய்க்க 65 கிலோ விசையோடு இழுக்க வேண்டும். கைப்பிடியை 150 செ.மீ.க்கு உயர்த்தினால் 52 கிலோ ஆகும். அதுவும் ஒருவருக்குக் கூடுதல். ஆனால் ஒருவர் இழுக்கும் அதே நேரத்தில் இன்னொருவர் எதிர் விளிம்பில் கடப்பாரை கொடுத்தால், பெரிய முயற்சி இன்றிச் சாய்ந்துவிடும். ஆகவே இது இரண்டு பேர் வேலை. தனி ஆளாகச் செய்யலாம் என்று விற்கிறவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

பெரிய சக்கரம் இரண்டும் 25 செ.மீ. விட்டம், ஒவ்வொன்றும் 200 கிலோ தாங்குபவையாக இருக்கட்டும். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அதே விட்டத்தில் மிகக் குறைவாகத் தாங்கும் சக்கரங்களும் விற்கின்றன, கேட்டு வாங்குங்கள். பேரிங் இரு பக்கமும் ரப்பர் மூடியிட்டதாக இருக்க வேண்டும், இல்லையேல் நைலான் புஷ் (அச்சைச் சுற்றிய குழல்) போதும். மெதுவாக உருளும் வண்டிக்கு நைலான் புஷ் எந்தக் குறையும் வைப்பதில்லை, அதில் துருப்பிடிக்க ஒன்றும் இல்லை.

சட்டத்துக்குக் கனமான குழாய், எல்லா முனையும் பற்றவைத்து அடைத்திருக்க வேண்டும். திறந்த முனை வழியே உப்பு ஈரம் புகுந்து உள்ளிருந்து தின்னும், வெளியே பெயின்ட் அழகாகவே இருக்கும். பற்றவைப்பின் கசடைத் தட்டிச் சுரண்டி, துத்தநாகம் கலந்த பிரைமர், அதன் மேல் எபாக்சி இரண்டு பூச்சு. போல்ட்டுகளை மட்டும் துருப்பிடிக்காத எஃகில் போடலாம். பெரிய இரும்புச் சட்டத்தில் சிறிய எஃகு போல்ட் தொல்லை தராது. தலைகீழாக, எஃகுச் சட்டத்தில் முலாம் போட்ட சிறு போல்ட் போட்டால் போல்ட் முதலில் கரைந்துவிடும்.

உச்சிப்புளி நாற்றங்கால்

எல்லோரும் வண்டியைப் பலப்படுத்துகிறீர்கள். சுமையைக் குறைக்க ஒருவரும் சொல்லவில்லை. சிமெண்ட் தொட்டியை விட்டு, 200 லிட்டர் நீல டிரம்மைப் பாதியாக அறுத்துக்கொண்டால் நூறு கிலோ அப்படியே குறைகிறது. செம்மண்ணைப் பாதியாக்கி, நன்கு கழுவிய தென்னை நார்க் கழிவும் மட்கிய எருவும் சேர்த்தால், நனைந்த நிலையிலும் மண்ணின் எடை நன்றாகக் குறையும். மொத்தச் சுமை ஏறக்குறைய பாதியாகிவிடும். நார்க் கழிவைக் கழுவாமல் போடாதீர்கள், அதிலும் உப்பு இருக்கும். நகர்த்துவதற்கு இரண்டு நாள் முன்பே தண்ணீரை நிறுத்தச் சொல்வார்கள். அதனால் பத்துப் பதினைந்து கிலோ குறையும், அவ்வளவுதான். மண் இறுகி வேர்க்கட்டு அசையாமல் இருப்பதே அதன் உண்மையான பயன்.

கீழக்கரை மாடித்தோட்டம்

டிரம்மில் எனக்கும் நான்கு மரங்கள் இருக்கின்றன, ஆனால் சுமை குறைந்த தொட்டியைக் காற்று நகர்த்திவிடும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். சென்ற ஆடியில் பகல் இரண்டு மணிக்கு, ஆறடி எலுமிச்சை டிரம்மோடு குப்புற விழுந்தது. சிமெண்ட் தொட்டி அசையவில்லை. டிரம் வைப்பவர்கள் கைப்பிடிச் சுவரில் வளையம் அடித்துக் கயிற்றால் பிணைக்க வேண்டும். பழைய மரங்களைத் தொட்டி மாற்ற முயன்றால் வேர் சிதையும். இருப்பவை சிமெண்டிலேயே இருக்கட்டும், புதியவற்றுக்கு டிரம் என்பது என் கருத்து.

கட்டடக்காரன், இராமநாதபுரம்

தளத்தைப் பற்றி ஒரு சொல். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதி 875இன் இரண்டாம் பகுதி சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது 150 கிலோ அளவுக்கே சுமை வகுத்திருக்கிறது. உங்கள் ஒரு தொட்டி நிற்கும் இடமோ கால் சதுர மீட்டர். தனித் தொட்டியைத் தளம் பகிர்ந்து தாங்கிக்கொள்ளும். பதினொன்றையும் படிக்கட்டு அறையின் மறைவில் ஒரே கூட்டமாகத் தளத்தின் நடுவில் நிறுத்தினால் கதை வேறு. கீழே சுவரோ உத்திரமோ ஓடும் கோட்டின் மேல் வரிசையாக நிறுத்துங்கள்.

தட்டோட்டின் மீது வண்டி போகும்போது காற்றடைத்த டயர் நல்லது. டயரில் சதுர செ.மீ.க்கு 2 கிலோ அழுத்தம் வைத்தால், தளத்தின் மீது விழுவதும் ஏறக்குறைய அவ்வளவே. கடினமான நைலான் சக்கரம் அதே சுமையை விரல் நகம் அளவு இடத்தில் இறக்கித் தட்டோட்டை உடைத்துவிடும். பின்கால் சக்கரங்கள் சிறியவை என்பதால், பழைய பகுதியில் எப்படியும் பலகை விரித்துக்கொள்ளுங்கள்.

15 செ.மீ. ஏற்றத்துக்கு 120 செ.மீ. பலகை வைத்தால் எட்டுக்கு ஒன்று சரிவு. வண்டியோடு 290 கிலோ என்றால், உருளும் தடையைச் சேர்க்காமலே 36 கிலோ விசை வேண்டும். இறங்கும்போது அதே 36 கிலோ உங்களைத் தள்ளும் என்பதை மறக்க வேண்டாம். எப்போதும் ஆள் மேட்டுப் பக்கம், வண்டி பள்ளத்துப் பக்கம். ஒரு கயிற்றைத் தண்ணீர்த் தொட்டியின் கான்கிரீட் தூணில் ஒரு சுற்றுச் சுற்றி மெல்ல விட்டுக்கொண்டே இறக்கினால் முதுகு தப்பிக்கும்.

பெரியபட்டினம் டீச்சர் (ஏழு வாரங்களுக்குப் பிறகு)

அனைவருக்கும் நன்றி. வண்டியை உள்ளூர்ப் பட்டறையில், பாம்பன் தம்பி எழுதியதைத் தாளில் வரைந்து கொடுத்துச் செய்துகொண்டேன். பின்காலைச் சேர்க்க அவருக்கு விருப்பமே இல்லை, "மூட்டை வண்டிக்கு எதற்கம்மா நான்கு கால்?" என்று இரண்டு முறை கேட்டார். முதல் தொட்டியைச் சாய்த்த பிறகு அவரே அதைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

முதல் நாள் இரண்டு தவறுகள் நடந்தன. தொட்டிகள் தரையோடு இருந்ததால், செங்கல் மேல் ஏற்றுவதற்கே ஒரு காலை போயிற்று. ஒரு செங்கல் பாதியாக உடைந்து தொட்டி ஒரு விரல் அளவு இறங்கியபோது எனக்கு உயிரே போய் வந்தது. அதன் பிறகு செங்கலுக்குப் பதிலாகப் பனஞ்சட்டத் துண்டுகளை வைத்தோம். இரண்டாவது, ராட்செட் பெல்ட்டைத் தொட்டியின் விளிம்புக்கு அருகில் கட்டியதால், சாய்த்ததும் அது மேலே நழுவி மாதுளையின் கிளையில் மாட்டிக்கொண்டது. இப்போது தொட்டியின் பாதி உயரத்துக்குக் கீழே கட்டுகிறோம். இரண்டு ஞாயிறுகளில் பத்துத் தொட்டிகளை நகர்த்திவிட்டோம். சரிவுப் பலகையில் கயிறு விடும் வேலையை என் கணவர் உட்கார்ந்தபடியே செய்தார், அதில் அவருக்கு மிகுந்த மகிழ்ச்சி.

பதினோராவதான சப்போட்டா மட்டும் அசையவில்லை. கடப்பாரையால் விளிம்பு எழும்புகிறது, ஆனால் நடுவில் ஏதோ இழுத்துப் பிடிக்கிறது. விளக்கடித்துப் பார்த்தால், வடிகால் துளை வழியே கட்டைவிரல் தடிமனில் ஒரு வேர் இறங்கி, தட்டோட்டு இடுக்கில் புகுந்திருக்கிறது. அறுத்துவிடலாமா?

உச்சிப்புளி நாற்றங்கால்

அறுக்கலாம், ஆனால் அறுத்த அன்றே நகர்த்த வேண்டாம். விளிம்பை நெம்பி இரண்டு பக்கமும் கட்டை கொடுத்துவிட்டு, நீளமான வாள் பிளேடால் வேரைத் துளையோடு ஒட்டி அறுங்கள். அதே நாளில் மேலே இலைப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். இரண்டு வாரம் நிழல் வலை கட்டி, உவர்ப்பில்லாத தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். இலை தொங்காமல் நின்றால் மூன்றாவது ஞாயிறு வண்டியில் ஏற்றலாம்.

கட்டடக்காரன், இராமநாதபுரம்

இடுக்கில் மிஞ்சும் வேரை அப்படியே விட வேண்டாம். அது மட்கியதும் மழைநீர் அந்த வழியாகத் தளத்துக்குள் இறங்கும். முடிந்தவரை பிடுங்கி எடுத்து, ஐப்பசி மழைக்கு முன் அந்தத் தட்டோட்டை மாற்றிப் பூசிவிடுங்கள்.